ஒளி மருந்தான கதை – 17: வெயில் படாத இடம்

சென்ற வாரம் கார்போகரிசியோடு நின்றோம். அந்த விதையை அரைத்து வெண்படையின் மேல் பூசி வெயிலில் நிற்கச் சொன்னார்கள் நம் வைத்தியர்கள். நைல் கரையில் வேறொரு செடியை வைத்து எகிப்தியர்கள் அதையே செய்தார்கள். மருந்து மட்டும் போதாது, வெயில் மட்டும் போதாது, இரண்டும் ஒரே இடத்தில் கூடினால்தான் பலன் என்பதை இரு தரப்பும் கண்டிருந்தன. அங்கே அந்தக் கூட்டு நிறத்தை உண்டாக்கியது. இந்த வாரம் அதே கூட்டு அழிக்கும் வேலைக்கு வருகிறது. அழிய வேண்டியவை, புற்றாக மாறக் காத்திருக்கும் திட்டுகள்.

கதைக்களம் மும்பை. செம்பூரைத் தாண்டி, தேவ்னார், மான்குர்த் பக்கமாகப் போனால் ட்ராம்பே குன்றை ஒட்டி விரியும் அணுசக்தி நகர். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வேர்விட்ட பல தமிழ்க் குடும்பங்களுக்கு அங்கே யாராவது ஒரு சித்தப்பாவோ மாமாவோ இருந்திருப்பார். 1954 ஜனவரியில் ஹோமி பாபா ட்ராம்பேயில் அணுசக்தி நிறுவனத்தைத் தொடங்கியதும், 1956 ஆகஸ்டில் அப்சரா உலை இயங்கியதும், பாபா விமான விபத்தில் இறந்த மறு ஆண்டு, 1967இல், நிறுவனத்துக்கு அவர் பெயர் வைக்கப்பட்டதும் பள்ளிப் பாடத்தில் வந்தவை. பாடத்தில் வராதது ஒன்று உண்டு. உலைகளைக் கட்டிய அதே துறையின் குடைக்குள் ஒரு புற்றுநோய் மருத்துவமனையும், லேசர் செய்பவர்களும், கிராமம் கிராமமாகப் போய் வாயைத் திறந்து பார்த்த பல் மருத்துவர்களும் இருந்தார்கள். இந்த மூன்று தரப்பும் ஒரே நோயின் முன் வந்து சேர எத்தனை காலம் ஆனது என்பதுதான் இந்த அத்தியாயம்.

ஒரே குடையில் மூவர்

முதலில் மருத்துவமனை. 1931இல் ரத்தப் புற்றுநோயால் இறந்த மெஹர்பாய் டாடாவின் நினைவிலிருந்து முளைத்தது பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனை. 1941 பிப்ரவரி 28 அன்று திறக்கப்பட்டது. மெஹர்பாய், ஹோமி பாபாவுக்கு அத்தை. 1957இல் மத்திய சுகாதார அமைச்சகம் மருத்துவமனையை ஏற்றது. 1962இல் நிர்வாகம் அணுசக்தித் துறையின் கைக்கு வந்தது. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு முக்கிய ஆயுதமாகிவந்த காலம் அது. மருத்துவமனை அணு விஞ்ஞானிகளின் பக்கத்தில் இருப்பது நல்லது என்ற எண்ணம் அதில் தெரிகிறது.

அடுத்து லேசர். தியோடர் மைமன் அமெரிக்காவில் முதல் லேசரை 1960 மே மாதம் ஒளிரச் செய்தார். குறைக்கடத்தி லேசர் 1962இல் அங்கேயே பிறந்தது. அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதியிலேயே ட்ராம்பேயில் காலியம் ஆர்சனைடு லேசரைத் தாங்களாகவே செய்துவிட்டார்கள். அதைக் கொண்டு ட்ராம்பேக்கும் கொலாபாவில் உள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் இடையே ஒளிவழித் தகவல் தொடர்பும் அமைத்துக் காட்டினார்கள். நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு, வெறும் காற்றின் ஊடாக, ஒளியில் ஏறிச் செய்தி போனது.

அந்த ஒளி போய்ச் சேர்ந்த கொலாபா வளாகத்தில்தான் மூன்றாவது தரப்பு இருந்தது: டாக்டர் ஃபாலி மேத்தாவின் அடிப்படைப் பல் ஆராய்ச்சிப் பிரிவு. இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் பெயர்போன நிறுவனத்தில் பல் மருத்துவர்களுக்கு என்ன வேலை என்று அன்றும் சிலர் கேட்டிருக்கக்கூடும். 1966–67இல் டென்மார்க்கின் யென்ஸ் பிண்ட்போர்குடன் சேர்ந்து அந்தப் பிரிவு ஐந்து மாவட்டங்களில் வீடு வீடாகப் போனது: பாவ்நகர், தர்பங்கா, சிங்பூம், ஸ்ரீகாகுளம், எர்ணாகுளம். மொத்தம் 50,915 கிராமவாசிகளின் வாய்களைப் பார்த்துப் பதிவு செய்தார்கள். வாய்ப்புற்று திடீரென்று வருவதில்லை, அதற்கு முன்னால் வெள்ளைத் திட்டாகவோ சிவப்புத் திட்டாகவோ இறுகிய கன்னமாகவோ பல ஆண்டுகள் அறிகுறி காட்டுகிறது என்று இந்திய மண்ணில் எண்ணிக்கையோடு நிறுவியது அந்த வேலையும் அதைத் தொடர்ந்த பத்தாண்டுக் கண்காணிப்பும்தான்.

ஆக, 1960களிலேயே ஒளிக்கற்றையின் ஒரு முனையில் லேசர் செய்தவர்கள். மறுமுனையில் புற்றுக்கு முந்தைய திட்டுகளை எண்ணியவர்கள். இருவரும் ஒரே துறையின் சம்பளப் பட்டியலில். ஆனால் அந்த ஒளியைக் கன்னத்துக்குள் விட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணம் அப்போது யாருக்கும் வரவில்லை. அது வர, வெளிநாட்டில் நடந்துகொண்டிருந்த இன்னொரு கதை முற்றுப்பெற வேண்டியிருந்தது.

மியூனிக்கிலிருந்து கிங்ஸ்டன் வரை

1897–98 குளிர்காலம். மியூனிக் மருத்துவ மாணவர் ஆஸ்கர் ராப், பேராசிரியர் ஹெர்மன் ஃபான் டாப்பைனரின் ஆய்வகத்தில், அக்ரிடின் என்ற சாயத்தைக் கரைத்த தண்ணீரில் பாரமீசியங்களை விட்டு, அவை எவ்வளவு நேரத்தில் சாகின்றன என்று குறித்துக்கொண்டிருந்தார். மலேரியா மருந்து தேடிய ஆய்வின் ஒரு பகுதி அது. கணக்கு உதைத்தது. அதே சாயம், அதே அளவு. ஒரு நாள் சீக்கிரம் செத்தன, இன்னொரு நாள் மணிக்கணக்கில் தாக்குப்பிடித்தன. நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்தபோதுதான் வேறுபாடு சாயத்தில் இல்லை, அறைக்குள் வந்த வெளிச்சத்தில் இருக்கிறது என்று புரிந்தது. இருட்டில் சாயம் சாது. வெளிச்சத்தில் விஷம்.

டாப்பைனர் அங்கே நிற்கவில்லை. 1903இல் தோல் மருத்துவர் யெசியோனெக்குடன் சேர்ந்து, இயோசின் சாயத்தைத் தோல் கட்டிகளின் மேல் பூசி வெளிச்சம் காட்டினார். ஆக்சிஜன் இல்லாவிட்டால் இந்த விளைவு நிகழாது என்றும் அவருடைய குழு கண்டது. சாயம், ஒளி, உயிர்வளி: இன்றைய போட்டோடைனமிக் சிகிச்சைக்கும் இந்த மூன்றுதான் அடித்தளம். அதே 1903இல்தான் தோல் காசநோயை ஒளியால் குணப்படுத்திய நீல்ஸ் ஃபின்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஐரோப்பா ஒளியின் மேல் மோகம் கொண்டிருந்த காலம்.

1912இல் ஃப்ரீட்ரிஷ் மேயர்-பெட்ஸ் என்ற மருத்துவர், ரத்தத்தின் சிவப்பிலிருந்து பிரித்த ஹெமட்டோபோர்ஃபிரின் 200 மில்லிகிராமைத் தன் உடம்பிலேயே செலுத்திக்கொண்டார். வெயில் பட்ட இடமெல்லாம் வீங்கியது. முகம் அடையாளம் தெரியாமல் போனது. வெளிச்சத்தைக் கண்டு அஞ்சும் நிலை இரண்டு மாதத்துக்கும் மேல் நீடித்தது. போர்ஃபிரின் மனித உடம்பிலும் ஒளியை ஆயுதமாக்கும் என்பதை அவர் தன் தோலைக் கொடுத்து நிரூபித்தார். அந்த ஆயுதத்தைக் குறிபார்த்துப் பிடிக்க மேலும் அறுபத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆனது. நியூயார்க் மாநிலம் பஃபலோவில் உள்ள ராஸ்வெல் பார்க் நிறுவனத்தில் தாமஸ் டகர்ட்டி, 25 நோயாளிகளின் 113 கட்டிகளுக்குப் போர்ஃபிரின் மருந்தும் சிவப்பு ஒளியும் கொடுத்து, 111 கட்டிகள் முழுதாகவோ பகுதியாகவோ கரைந்ததை 1978இல் வெளியிட்டார்.

ஆனால் மருந்தை ரத்தத்தில் ஏற்றினால் நோயாளி வாரக்கணக்கில் வெயிலுக்கு ஒளிந்து வாழ வேண்டும். அந்தச் சிக்கலை அவிழ்த்தவர்கள் கனடாவின் கிங்ஸ்டன் நகரத்து ஜேம்ஸ் கென்னடியும் ராய் பாட்டியரும். 1990இல் அவர்கள் வெளியிட்ட யோசனை எளிமையானது. மருந்தை வெளியிலிருந்து கொடுக்க வேண்டாம், செல்லையே செய்யவைப்போம். நம் செல்கள் அனேகமாக எல்லாம் ரத்தச் சிவப்பின் கருவான ஹீமைத் தயாரிக்கின்றன. அமினோலெவுலினிக் அமிலம் என்ற மூலப்பொருளில் தொடங்கி, பல படிகள் கடந்து, கடைசிக்கு முந்தின படியில் புரோட்டோபோர்ஃபிரின் வரும். அதில் இரும்பைச் சேர்த்தால் ஹீம். அந்த அமிலத்தைக் களிம்பாகத் தோலில் பூசினால் தயாரிப்பு வேகமெடுக்கும். புற்றின் பாதையில் போகும் செல்களில் இரும்பு சேர்க்கும் நொதிக்கு வேகம் போதாது. கடைசி மேசையில் ஆள் குறைந்த பட்டறையில் சரக்கு தேங்குவதுபோல அவற்றில் புரோட்டோபோர்ஃபிரின் குவியும். நீல ஒளி காட்டினால் அந்தத் திட்டு மட்டும் செங்கல் சிவப்பில் ஒளிரும். தொடர்ந்து ஒளி கொடுத்தால் பக்கத்திலிருக்கும் ஆக்சிஜன் மூர்க்கமான வடிவம் எடுத்து, தான் பிறந்த செல்லையே அரிக்கும். அதற்கு ஆயுள் மிகக் குறைவு. அடுத்த செல்லுக்குப் போய்ச் சேருமுன் அடங்கிவிடும்.

1999 டிசம்பரில் அமெரிக்கா இந்த முறையை அங்கீகரித்தது. முகத்திலும் வழுக்கைத் தலையிலும் வரும் ஆக்டினிக் கெரட்டோசிஸ் என்ற சொரசொரப்பான திட்டுகளுக்கு 20 சதவீத அமிலக் கரைசலைத் தடவி, 14 முதல் 18 மணி நேரம் விட்டு, 417 நானோமீட்டர் நீல ஒளியில் 1000 விநாடி காட்ட வேண்டும். ஐரோப்பாவில் இந்த அமிலத்தின் மெத்தில் வடிவமும் சிவப்பு ஒளியும் பரவின. பிறகு கோபன்ஹேகனில் ஹான்ஸ் கிறிஸ்டியன் வுல்ஃப் குழுவினர் விளக்கையும் விட்டார்கள். களிம்பைப் பூசி, அரை மணிக்குள் வெளியே போய், இரண்டு மணி நேரம் பகல் வெளிச்சத்தில் இருந்தால் போதும் என்றார்கள். எரிச்சலும் வெகுவாகக் குறைந்தது. ஃபின்சனின் ஊரில் வட்டம் மீண்டும் சூரியனுக்கே வந்தது.

யாருடைய நோய்?

இந்த வெற்றிக்கதை மும்பை வரை வந்து வாசலில் நின்றுவிட்டது. காரணம் சிகிச்சையில் இல்லை, நோயில் இருக்கிறது. ஆக்டினிக் கெரட்டோசிஸ் வெளிர் தோலுக்கு வெயில் தரும் தண்டனை. ஆஸ்திரேலியாவில் நடுவயது கடந்த வெள்ளையர்களிடம் அது சாதாரணம். நம் தோலின் மெலனின் அந்தத் தண்டனையைப் பெரும்பாலும் வாங்கிக்கொள்கிறது. தாராவியின் தோல் பதனிடும் முற்றங்களில் ஆயுள் முழுக்க வெயிலில் நின்ற திருநெல்வேலிக்காரருக்கும் நெற்றியில் அந்தத் திட்டு வருவது அரிது. மெலனினே இல்லாமல் பிறந்தவர்கள், வெயில் கெடுத்த மரபணுவைச் செப்பனிட முடியாத பிறவிக் கோளாறு உள்ளவர்கள், மேற்கு வங்கத்தில் ஆர்சனிக் கலந்த கிணற்று நீரைக் குடித்தவர்கள் போன்ற சிலருக்கே நம் நாட்டில் தோலில் புற்றுக்கு முந்தைய திட்டு பெரிய கவலை.

நம் கவலை வெயில் படாத இடத்தில் இருக்கிறது. கன்னத்தின் உட்புறம். மும்பையின் பான் டப்ரி என்ற சிறுகடைகளில் விற்கும் பாக்கு, உள்ளங்கையில் சுண்ணாம்போடு கசக்கும் புகையிலை, மராட்டியப் பெண்கள் பல் துலக்கும் வறுத்த புகையிலைப் பொடியான மிஸ்ரி, நம்மவர்கள் ஊரிலிருந்தே கொண்டுவந்த வெற்றிலைப் பெட்டி எல்லாம் ஒரே இடத்தைத்தான் தொடுகின்றன. கன்னமும் அண்ணமும் நார் பாய்ந்து இறுகி வாய் திறக்க முடியாமல் போகும் நோயை, 1952இல் கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் ஷ்வார்ட்ஸ் கண்டார். மறு ஆண்டே பம்பாயில் எஸ்.ஜி. ஜோஷி அதற்கு சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் என்று பெயர் கொடுத்து விவரித்தார். மேத்தாவின் பிரிவு எர்ணாகுளத்தில் அத்தகைய 66 பேரை 17 ஆண்டு தொடர்ந்து பார்த்தது. அவர்களில் 7.6 சதவீதத்தினருக்குப் புற்று வந்தது. புகையிலை சேராத வெறும் பாக்கே புற்று உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் உறுதியாக வகைப்படுத்தியது.

ஆகவே, முகத்துக்காகக் கண்டுபிடித்த ஒளியை வாய்க்குள் திருப்ப வேண்டிய தேவை இங்கேதான் அதிகம். பொருத்தமும் உண்டு. சிவப்பு ஒளி திசுவில் சில மில்லிமீட்டர் ஆழமே பயனுள்ள அளவில் இறங்கும். முற்றிய கட்டிக்கு அது போதாது. மேலோட்டமான திட்டுக்குப் போதும். கத்தி வைத்தால் கன்னம் தழும்பாகிச் சுருங்கும். ஒளி செல்களைக் கொன்றாலும் அவற்றைத் தாங்கும் கொலாஜன் சட்டத்தைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். லண்டனில் கிராண்ட், ஹாப்பர், பௌன் குழுவினர் 1993லேயே அமிலத்தைக் குடிக்கக் கொடுத்து வாய்ப்புற்றில் முயன்றார்கள். 1998இல் ஜெர்மனியில் க்யூப்ளர் 12 பேரின் வாய் வெண்திட்டுகளில் களிம்பாகவே பூசிப் பார்த்தார்.

பார்க்கும் ஒளி

அணுசக்திக் குடும்பம் வாய்க்குள் ஒளியைக் கொண்டுபோனது வேறு வாசல் வழியாக. சுடுவதற்கு முன் பார்ப்பதற்கு. 1984இல் இந்தூரில் அடிக்கல் நாட்டப்பட்ட உயர் தொழில்நுட்ப மையத்துக்கு லேசர் வேலையின் பெரும்பகுதி போனது; பின்னாளில் அது ராஜா ராமண்ணாவின் பெயரைப் பெற்றது. பி.கே. குப்தா, எஸ்.கே. மஜும்தார் போன்றோர் அங்கே தாங்களே செய்த நைட்ரஜன் லேசரின் 337 நானோமீட்டர் புறஊதா ஒளியைக் கன்னத்தில் காட்டி, திசு திருப்பித் தரும் மங்கிய ஒளிர்வை அளந்தார்கள். எந்தச் சாயமும் இல்லாமல் திசு தானாகவே ஒளிர்கிறது. அந்த ஒளிர்வு நல்ல திசுவில் ஒரு மாதிரி, கெட்டதில் வேறு மாதிரி. இதே மையத்தில் அலோக் டூபேயும் குப்தாவும் குளோரின் பி6 என்ற ஒளிமருந்தை வெள்ளெலியின் கன்னப்பையில் சோதித்தார்கள். அதன் மூலம் இலைப்பச்சையம்.

சென்னையிலும் ஒரு கிளை வளர்ந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் எஸ். கணேசனும் பி. அருணாவும் 1998இல் வெள்ளெலிக் கன்னத்தின் ஒளிர்வைப் பதிவு செய்து வெளியிட்டார்கள். பின்னர் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவர்களோடு சேர்ந்து, கன்னம் இறுகிய நோயாளிகளிடமே அளந்தார்கள். நார் கூடக்கூடக் கொலாஜனின் ஒளிர்வு ஏறும். மருந்து வேலை செய்தால் வரைபடம் நல்ல கன்னத்தை நோக்கித் திரும்பும். ஊசியும் தையலும் இல்லாமல் சிகிச்சையின் போக்கைப் பின்தொடர ஒரு வழி.

மும்பையில் இந்த இழை திருச்சிக்காரர் ஒருவரின் கண்டுபிடிப்போடு முடிச்சுப் போட்டுக்கொண்டது. சி.வி. ராமன் தம் விளைவைக் கண்டது 1928 பிப்ரவரி 28. டாடா மருத்துவமனை திறந்ததும் அதே தேதியில், பதின்மூன்று ஆண்டு கழித்து. கார்கரில் உள்ள டாடா நினைவு மையத்தின் ஆய்வுப் பிரிவில் சி. முரளி கிருஷ்ணா குழுவினர் ராமன் நிறமாலைமானியின் இழைமுனையை நோயாளிகளின் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்கள். நல்ல கன்னம் கொழுப்பின் சாயலைக் காட்டியது. புற்று புரதத்தின் சாயலை. வெளிப்பார்வைக்கு வேறுபாடு தெரியாத இடங்களிலும் புகையிலையின் கைவரிசை நிறமாலையில் தெரிந்தது. ட்ராம்பேயின் லேசர், மேத்தாவின் வெண்திட்டு, பரேலின் நோயாளி மூன்றும் கடைசியில் ஒரே மேசைக்கு வந்தன. நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

சுடும் ஒளி

சிகிச்சையாக ஒளி வாய்க்குள் வந்த முக்கியமான இந்தியப் பதிவு அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்தது. அங்குள்ள ஷாஹித் அலி சித்திக்கி குழுவினரும், பாஸ்டனில் ஜொனாதன் செல்லி, தயபா ஹசன் ஆகியோரும் சேர்ந்து, விலை உயர்ந்த லேசருக்குப் பதிலாக பேட்டரியில் ஓடும் எல்.இ.டி. விளக்கை அமைத்தார்கள். மின்சாரம் போனாலும் சிகிச்சை நிற்கக் கூடாது என்பது திட்டத்தின் ஒரு நிபந்தனை. அமினோலெவுலினிக் அமிலத்தைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, ஸ்மார்ட்போன் கேமராவில் சிவப்பு ஒளிர்வைப் பார்த்து உறுதி செய்து, 635 நானோமீட்டர் ஒளியைக் கன்னத்தில் பாய்ச்சினார்கள். 2 சென்டிமீட்டருக்குள் இருந்த ஆரம்பநிலைப் புற்றுகள் அவை. சிகிச்சையை முடித்த 29 பேரில் 22 பேருக்குக் கட்டி முழுதாக மறைந்தது என்று 2022இல் வெளியிட்டார்கள்.

நல்ல செய்திதான். அளவு மீறி மகிழவும் கூடாது. 29 என்பது சிறிய எண். ஒளி ஒரு திட்டை அழிக்கும். அந்தத் திட்டை உண்டாக்கிய பழக்கத்தை அழிக்காது. நார் பாய்ந்து இறுகிய கன்னத்தை அது தளர்த்தவும் செய்யாது. சிகிச்சை முடிந்து தெருவுக்கு வந்தவர் டப்ரி முன் நின்றால், பக்கத்துத் திசுவில் அடுத்த திட்டு தொடங்கும்.

இந்தக் கதையில் ஆகப் பெரிய எண்ணிக்கை எந்த லேசருக்கும் சொந்தமில்லை. 1996இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஆர். சங்கரநாராயணன் குழுவினர் 35 வயது கடந்த ஏறத்தாழ 1,90,000 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியின் வீடுகளுக்குப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் போய், வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். அவ்வளவே. புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்று மரணம் 34 சதவீதம் குறைந்தது என்று 2005இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. மேத்தாவின் பல் மருத்துவர்கள் 1966இல் செய்ததும் சாரத்தில் இதுவேதான்; அவர்கள் எண்ணுவதற்காகப் பார்த்தார்கள், இவர்கள் காப்பதற்காக.

போட்டோடைனமிக் சிகிச்சையின் எதிர்காலம் இந்தியாவில், முதலில் பார்ப்பது, பிறகு சுடுவது என்ற இந்த வரிசையைப் பொறுத்தது. அது சின்னத் திட்டுக்கான மருந்து. சின்னதாக இருக்கும்போதே பார்த்துச் சொல்ல ஆள் இல்லாத ஊரில் எவ்வளவு நல்ல விளக்கு வைத்தாலும் நோயாளி முற்றிய கட்டியோடுதான் வருவார். அவருக்கு அந்த விளக்கு உதவாது. அணுசக்தித் துறையிடம் லேசரும் மருத்துவமனையும் பல் மருத்துவர்களும் ஒரே நேரத்தில் இருந்தும் அவை சேர இவ்வளவு காலம் ஆனதென்றால், தாராவியிலோ தென்காசியிலோ ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவை சேர யாராவது வேண்டுமென்றே முயல வேண்டும். தானாக நடக்காது.

அடுத்த வாரம் நீல ஒளி. இங்கிலாந்தின் ரோச்ஃபர்ட் மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகளை முற்றத்து வெயிலுக்குத் தூக்கிப்போன ஒரு செவிலியர், மஞ்சள்காமாலை வைத்தியத்தையே மாற்றிய கதை.

(தொடரும்)